கறுப்பு மையில் ஒரு பெயரில்லா நிறம்

சவ அடக்கத் தொழில் செய்கிற ஒருவன். பெட்டி குட்டையாகப் போய்விட்டது. பிணத்தின் பாதங்களை வெட்டி உள்ளே அடைத்துவிடுகிறான். வெட்டுப்பட்ட பிணம் திரும்பி வந்து கணக்குத் தீர்க்கிறது. 1950-இன் கடைசியில் அமெரிக்கக் கடைகளில் பத்து சென்ட்டுக்கு விற்ற ‘தி வால்ட் ஆஃப் ஹாரர்’ என்ற காமிக்ஸ் இதழில் வந்த கதை இது. இதன் வித்து ஹோவர்ட் ஃபிலிப்ஸ் லவ்கிராஃப்ட் 1925-இல் எழுதிய ‘இன் தி வால்ட்’ என்ற சிறுகதை. அவர் இறந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. காமிக்ஸில் அவர் பெயர் போடவில்லை.

இ.சி. காமிக்ஸ் என்ற அந்த நிறுவனம் அடுத்த இதழிலேயே அவருடைய ‘கூல் ஏர்’ கதையையும் எடுத்துக்கொண்டது. செத்த பிறகும் குளிரூட்டும் இயந்திரத்தின் தயவில் உடலைக் கெடாமல் வைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர், இயந்திரம் பழுதாகி உருகிப் போகிற கதை. இந்த இரண்டையும் ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எளிதில் விளங்கும். இரண்டிலும் கடைசிக் கட்டத்தில் காட்ட ஒரு பிணம் இருக்கிறது. ஏழெட்டுப் பக்கத்தில் முடியவேண்டும். கடைசிப் படத்தில் வாசகனுக்குத் தூக்கிவாரிப் போடவேண்டும். இ.சி.யின் ஓவியர்கள் அபாரமான கைகாரர்கள். கிரஹாம் இங்கல்ஸ் வரைந்த அழுகல் சதையை இன்று பார்த்தாலும் வயிற்றைப் புரட்டும்.

ஆனால் அந்தக் கதைகளின் உலகத்தில் ஒரு நீதிபதி எப்போதும் விழித்திருந்தார். பொய் சொன்னவன், பெண்டாட்டியைக் கொன்றவன், பேராசைக்காரன் எல்லோருக்கும் தண்டனை உண்டு. பிணங்கள் எழுவதே நியாயம் கேட்கத்தான். லவ்கிராஃப்டின் பெரிய கதைகளில் அந்த நீதிபதி இல்லை. மனிதர்களின் சட்டம், ஆசை, உணர்ச்சி எதற்கும் இந்தப் பெருவெளியில் செல்வாக்கு கிடையாது என்பதுதான் தன் கதைகளின் அடித்தளம் என்று 1927-இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் ஆசிரியருக்கு அவர் எழுதினார். அவர் கதையில் கடலடியில் உறங்கும் கதுலு என்ற பூதத்துக்கு நம்மீது கோபம் எதுவும் இல்லை. நாம் இருப்பதே அதற்கு ஒரு பொருட்டில்லை. பிரபஞ்சத் திகில் என்று சொல்லப்படுவதன் உயிர் இதுதான். பழிவாங்கும் பேயிடம் மன்னிப்பாவது கேட்கலாம். நம்மைக் கவனிக்கவே கவனிக்காத ஒன்றிடம் என்ன கேட்பது? இந்தக் கேள்வியை எழுபது ஆண்டுகளாகக் காமிக்ஸ் எப்படியெல்லாம் எதிர்கொண்டது என்று பார்த்தால், அந்தக் கலை வளர்ந்த கதையே அதற்குள் இருக்கிறது.

அன்றைய இன்னொரு தொல்லை, வரைவது பற்றியது. லவ்கிராஃப்ட் தன் கதைகளில் உச்சக் காட்சி வந்ததும் கதைசொல்லியை மயங்க வைப்பார், அல்லது விவரிக்க முடியவில்லை என்று கதற வைப்பார். எழுத்தாளர் அப்படித் தப்பித்துக்கொள்ளலாம். ஓவியருக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டம் காலியாக இருக்கிறது, எதையாவது போட்டாக வேண்டும். சுவையான செய்தி என்னவென்றால், லவ்கிராஃப்டே 1934-இல் நண்பர் ஒருவருக்காக கதுலுவின் சிலையைப் பேனாவால் சிறியதாக வரைந்து கொடுத்திருக்கிறார். பீடத்தின் மேல் குந்தியிருக்கும், வாயைச் சுற்றி விழுதுகள் தொங்கும் ஒரு தடித்த உரு. அதைப் பார்த்து யாருக்கும் பித்துப் பிடிக்காது. கதையில் நடுங்க வைத்தது, படத்தில் ஒரு விலங்காக உட்கார்ந்திருக்கிறது.

1954-இல் எல்லாம் நின்றது. காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கூச்சலில் அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். தலைப்பில் ‘ஹாரர்’, ‘டெரர்’ என்ற சொற்கள் கூடாது. நடமாடும் பிணம், ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. இ.சி.யின் திகில் இதழ்கள் மூடப்பட்டன. அறுபதுகளில் வாரன் நிறுவனம் ‘க்ரீப்பி’, ‘ஈரி’ ஆகியவற்றைக் கறுப்பு-வெள்ளையில், பெரிய அளவில், ‘இவை காமிக்ஸ் அல்ல, பத்திரிகைகள்’ என்று சொல்லிக் கொண்டுவந்து அந்த விதியைச் சுற்றிக்கொண்டு போனது. 1971-இல் விதி தளர்ந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் மார்வெல் நிறுவனம் லவ்கிராஃப்டின் சில கதைகளைச் சித்திரமாக்கியது. சான் பிரான்சிஸ்கோவின் தலைமறைவு காமிக்ஸ்காரர்கள் 1972-இல் ‘ஸ்கல்’ காமிக்ஸின் இரண்டு இதழ்களை முழுக்க அவருக்கே கொடுத்தார்கள். அதில் ரிச்சர்ட் கார்பன் வரைந்த ‘தி ராட்ஸ் இன் தி வால்ஸ்’ மட்டும் இன்றும் நிற்கிறது. அதே கார்பன் 36 ஆண்டுகள் கழித்து, 2008-இல், மார்வெலுக்காக மறுபடி லவ்கிராஃப்டிடம் திரும்பினார். ஒரே மனிதரின் கையில் அன்றையதும் இன்றையதும் இருக்கிறது; ஆனால் திருப்புமுனை அவர் அல்ல. அது வட அமெரிக்காவிலேயே நடக்கவில்லை.

புவனெஸ் அயர்ஸ் நகரத்தின் மத்தாதேரோஸ் பகுதி, பெயருக்கேற்ப இறைச்சிக் கூடங்களின் பேட்டை. உருகுவேயில் 1919-இல் பிறந்து, சிறு பிள்ளையாகவே அர்ஜென்டினாவுக்கு வந்துவிட்ட அல்பெர்ட்டோ பிரெச்சியா அந்தப் பேட்டையில் வளர்ந்தவர். இளமையில் அங்கேயே குடல் சுத்தம் செய்யும் வேலை பார்த்தவர். காமிக்ஸ் வரைந்து அதிலிருந்து மீண்டார். அறுபதுகளில் எழுத்தாளர் எக்தோர் ஓஸ்டர்ஹெல்டுடன் சேர்ந்து ‘மார்ட் சிண்டர்’ என்ற தொடரைப் படைத்தபோதே தூரிகையைக் கீழே வைத்துவிட்டு சவர பிளேடால் மையை இழுத்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். எழுபதுகளில், நோர்பெர்த்தோ புஸ்காக்லியா கதையைச் சுருக்கிக் கொடுக்க, லவ்கிராஃப்டின் கதைகளை வரிசையாக எடுத்தார். ‘டன்விச்சின் திகில்’, ‘இன்ஸ்மவுத்தின் நிழல்’, ‘இருளில் கிசுகிசுப்பவன்’, ‘கதுலுவின் அழைப்பு’ என்று ஒன்பது கதைகள்.

மற்றவர்கள் ‘அந்தப் பூதம் எப்படி இருக்கும்’ என்று யோசித்த இடத்தில் பிரெச்சியா பூதத்தை வரைய மறுத்தார். மனிதர்களின் முகங்கள், வீடுகள், மலைச்சரிவுகள் தெளிவாக இருக்கும். அது வரும் கட்டத்தில் மட்டும் வரைதல் என்ற செயலே உடைந்துவிடும். கண்ணாடியில் மை பூசிக் காகிதத்தை ஒற்றி எடுத்த கறைகள், கிழித்து ஒட்டிய தாள்கள், கீறல்கள். பார்க்கிறவன் கண் அந்தக் கறைக்குள் ஒரு கண்ணைத் தேடும், ஒரு வாயைத் தேடும். கிடைத்ததுபோல் இருக்கும், பிறகு நழுவிவிடும். ஒவ்வொரு வாசகனும் தன் அச்சத்தைக் கொண்டு அந்தக் கறையை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். விவரிக்க முடியாது என்ற லவ்கிராஃப்டின் வாக்கியத்துக்கு ஓவியத்தில் அசலான இணை அதுவரை யாருக்கும் அகப்படவில்லை. பிரெச்சியாவின் மைக்கறைதான் அது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதைத் தாண்டியவர் யாரும் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

அவர் அதைச் செய்த காலத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1976 மார்ச்சில் அர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஓஸ்டர்ஹெல்ட் 1977-இல் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார். அவருடைய நான்கு மகள்களும் அப்படியே. ஆட்கள் இல்லாமற்போவதும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததும் அன்றாடமாகிவிட்ட நகரத்தில், ஒரு ஊரே ஒரு ரகசியத்தை மூடி மறைக்கும் ‘இன்ஸ்மவுத்’ போன்ற கதையை வாசித்தவர்களுக்கு அது எங்கோ நியூ இங்கிலாந்தில் நடக்கிற கதையாகத் தோன்றியிருக்காது.

ஐரோப்பா பிரெச்சியாவை உடனே கண்டுகொண்டது. பாரிஸின் ‘மெத்தால் உர்லான்’ இதழ் 1978-இல் லவ்கிராஃப்ட் சிறப்பிதழ் கொண்டுவந்தது. மோபியஸ், ஃபிலிப் துருயே போன்ற ஓவியர்களோடு பிரெச்சியாவும் அதில் இருந்தார். அதன் அமெரிக்கப் பதிப்பான ‘ஹெவி மெட்டல்’ 1979 அக்டோபரில் தன் லவ்கிராஃப்ட் இதழை வெளியிட்டது. பத்து சென்ட் காமிக்ஸில் பெயரில்லாமல் திருடப்பட்ட எழுத்தாளர் முப்பது ஆண்டுகளுக்குள் வழவழப்பான தாளில், அட்டையில் தன் பெயரோடு வந்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம் தருவது. 1981-இல் ‘கால் ஆஃப் கதுலு’ என்ற மேசை விளையாட்டு வந்தது. பூதங்களுக்கு வலிமை எண்கள், தாக்கும் திறன், அட்டவணை. விளையாட்டாக அது அருமையானது. ஆனால் கதுலு அதன் பிறகு மெல்ல மெல்ல எல்லோருக்கும் பழக்கமான பிராணியாகிவிட்டது. இன்று பஞ்சு பொம்மையாகக் கிடைக்கிறது. காபிக் கோப்பையில் சிரிக்கிறது. காமிக்ஸும் இந்தப் பழக்கத்தில் சேர்ந்துகொண்டது. பேட்மேனின் எதிரிகளை அடைத்து வைக்கும் ஆர்க்கம் மனநல விடுதி 1974-இலேயே லவ்கிராஃப்டின் கற்பனை ஊரிலிருந்து பெயரைக் கடன் வாங்கியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லும் இளைஞர்களில் எத்தனை பேர் அந்த ஊரை அறிவார்கள்? 1994-இல் தொடங்கிய மைக் மிக்னோலாவின் ‘ஹெல்பாய்’ நிழல்களை வரைந்த விதத்தில் ஒரு சாதனை. விண்வெளியில் சிறைப்பட்டு உறங்கும் ஏழு நாகங்கள் லவ்கிராஃப்டின் நேர்வாரிசுகள். ஆனாலும் அங்கே ஒரு நாயகன் இருக்கிறான், அவனுக்குக் கல்லால் ஆன கை இருக்கிறது, அதனால் பூதத்தை ஓங்கிக் குத்தலாம். குத்த முடிகிற ஒன்று பிரபஞ்சத் திகில் ஆகாது. மிக்னோலாவை நேசித்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

இன்றைய பெருக்குக்குச் சட்டமும் ஒரு காரணம். லவ்கிராஃப்ட் இறந்தது 1937 மார்ச் 15. ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் என்ற கணக்குப்படி 2008 முதல் ஐரோப்பாவில் அவர் எழுத்து பொதுவுடைமையாயிற்று. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2010-இல் இங்கிலாந்தின் ஐ.என்.ஜே. கல்பார்ட் ‘அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ குறுநாவலைத் தெளிவான கோடுகளில், சாகசக் கதை போல வரைந்தார். 2012-இல் நெதர்லாந்தின் எரிக் கிரீக் ஐந்து கதைகளைக் கறுப்பு-வெள்ளையில் கொடுத்தார். அவை ஒழுங்கான, மதிக்கத்தக்க வேலைகள். அதற்கு மேல் சொல்ல இல்லை.

மேல் சொல்ல நிறைய இருப்பது டோக்கியோவில் 1975-இல் பிறந்த கோ தனாபே பற்றி. பிரெச்சியாவுக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர். பிரெச்சியா மறைத்தார், தனாபே அனைத்தையும் காட்டுகிறார். ஒவ்வொரு கல், ஒவ்வொரு செதில், பனியின் ஒவ்வொரு அடுக்கு. அண்டார்டிகாவுக்குப் போன பல்கலைக்கழகக் குழு இமயத்தை விட உயர்ந்த மலைத்தொடரையும், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட நகரத்தையும் காண்கிற, கல்பார்ட் வரைந்த அதே குறுநாவலை அவர் நான்கு தொகுதிகளாக மங்காவாக்கினார். 2016, 2017-இல் ஜப்பானில் வெளிவந்தது. மூலத்தில் லவ்கிராஃப்ட் அந்த மலைகளைச் சொல்லும்போதெல்லாம் நிக்கோலஸ் ரோரிக்கின் இமய ஓவியங்களை நினைவூட்டுவார். ரோரிக் குலு பள்ளத்தாக்கின் நக்கர் ஊரில் குடியிருந்து, அங்கேயே 1947-இல் மறைந்தவர். நம் வடக்கு மலைகளின் சாயல் இப்படிச் சுற்றி அந்தக் கதைக்குள் போயிருக்கிறது.

இவ்வளவையும் காட்டிவிட்டால் திகில் போய்விடாதா? போகவில்லை என்பதுதான் தனாபேயின் வெற்றி. அவர் அச்சத்தைப் பூதத்தின் உருவத்தில் வைக்கவில்லை, அளவில் வைத்தார். பக்கத்தைத் திருப்பினால் இரண்டு பக்கமும் நிறைந்த கல்நகரம். அதன் மூலையில் மணல்துகள் அளவுக்கு இரண்டு மனிதர்கள். அடுத்த திருப்பலிலும் அதே நகரம், இன்னும் தொலைவிலிருந்து; மனிதர்களைத் தேடினால்தான் தெரியும். வாசிப்பின் வேகத்தையும் அவர் கட்டுப்படுத்துகிறார். வசனமே இல்லாமல் பக்கங்கள் போகும். நடந்து களைத்த உணர்வு வாசகனுக்கும் வந்துவிடும். அந்த நகரம் பகைமையோடு நிற்கவில்லை, வரவேற்கவும் இல்லை. நாம் வருவதற்கு முன்பே முடிந்துபோன ஒரு வரலாறு அங்கே கிடக்கிறது. இதே கதையைப் படமாக்க இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ ஆண்டுக்கணக்கில் முயன்றார். செலவைக் கண்டு அஞ்சிய ஸ்டுடியோ 2011-இல் கைவிட்டுவிட்டது. அந்த நகரம் ஒரு மங்கா ஓவியரின் மேசையில் மையாலும் காகிதத்தாலும் எழும்பியது. 2020-இல் பிரான்சின் அங்கூலெம் விழாவில் சிறந்த தொடருக்கான பரிசு தனாபேயின் இன்னொரு லவ்கிராஃப்ட் தழுவலான ‘தி ஷேடோ அவுட் ஆஃப் டைம்’ மங்காவுக்குக் கிடைத்தது.

தனாபேயும் பிரெச்சியாவும் சந்திக்கும் ஒரு கதை உண்டு: 1927-இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழ் வெறும் 25 டாலர் கொடுத்து வாங்கிப் போட்ட ‘தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்’. விண்கல் ஒன்று ஒரு விவசாயக் குடும்பத்தின் கிணற்றருகே விழுகிறது. அதிலிருந்து வெளிப்படுவது ஒரு நிறம் மட்டுமே. நம் நிறமாலையில் எங்கும் அடங்காத நிறம். பழங்கள் பருத்துக் கசக்கின்றன, மாடுகள் சாம்பலாகி உதிர்கின்றன, குடும்பம் ஒவ்வொருவராக அழிகிறது. இதைத் திரைப்படமாக எடுக்கிறவர் ஏதாவது ஒரு நிறத்தைத் தேர்ந்தே ஆகவேண்டும். 2019-இல் வந்த படம் கத்தரிப்பூவும் இளஞ்சிவப்பும் கலந்த ஒன்றைத் தேர்ந்தது. தேர்ந்த அந்த நொடியே அது நமக்குத் தெரிந்த நிறமாகிவிட்டது. இரு ஓவியர்களுக்கும் அந்தச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் அவர்களிடம் வண்ணமே இல்லை. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். அந்த ஒளிக்கு என்ன நிறம் என்று படிக்கிறவன் தானே தேடிக்கொள்ளவேண்டும், தேடினாலும் கிடைக்காது. காமிக்ஸின் வறுமை என்று நினைத்திருந்த கறுப்பு-வெள்ளை, இந்த ஒரு கதைக்கு வேறெந்தக் கலைக்கும் இல்லாத செல்வமாகிவிட்டது.

இவையெல்லாம் வரைவது பற்றிய மாற்றம். இதைவிட ஆழமான மாற்றம் வேறொன்று. அன்று யாரும் கேட்காத ஒரு கேள்வியை இன்று கேட்கிறார்கள்: இந்தக் கதைகளில் பயப்படுவது யார், யாரைக் கண்டு?

லவ்கிராஃப்ட் இனவெறி கொண்டவர். இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. 1924 முதல் 1926 வரை நியூயார்க்கின் புரூக்ளினில் வாழ்ந்தபோது, புலம்பெயர்ந்து வந்த மக்களைக் கண்டு அவருக்கு எழுந்த அருவருப்பு அவருடைய கடிதங்களில் நிறைய இருக்கிறது. அவர் மணந்த சோனியா கிரீன் யூதப் பெண் என்பது இன்னும் விளங்காத முரண். ‘தி ஹாரர் அட் ரெட் ஹூக்’ கதையில் பூதத்தைவிடத் தெருவில் நடக்கிற சாதாரண மனிதர்களே அவரை மிரட்டுகிறார்கள். ‘இன்ஸ்மவுத்’ கதை, கலப்பு ரத்தம் கொண்ட ஒரு ஊர் மக்களை அரசாங்கம் சுற்றிவளைத்து முகாம்களுக்குக் கொண்டுபோனது என்ற செய்தியோடு தொடங்குகிறது. அவர் அதை எழுதியது 1931-இல். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உலகம் பார்த்ததைப் பார்த்த பிறகு, அந்தத் தொடக்கத்தைப் படிக்கிற எவரும் அங்கே ஒரு கணம் நின்றாக வேண்டும். ஆனால் இ.சி. நிற்கவில்லை, மார்வெல் நிற்கவில்லை. தலைமறைவு காமிக்ஸ்காரர்களும், அவ்வளவு கலகம் பேசியவர்கள், நிற்கவில்லை.

நின்றவர் ஆலன் மூர். ஓவியர் ஜேசன் பர்ரோஸுடன் 2015 முதல் 2017 வரை 12 இதழ்களாக அவர் எழுதிய ‘பிராவிடன்ஸ்’ தழுவல் என்ற சொல்லுக்குள் அடங்காது. 1919-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வேலை பார்க்கும் ராபர்ட் பிளாக் ஒரு நாவல் எழுதும் ஆசையில் நியூ இங்கிலாந்து முழுக்கச் சுற்றுகிறான். அவன் யூதன்; தன்பால் ஈர்ப்பு உடையவன்; இரண்டையும் மறைத்து வாழ்கிறவன். லவ்கிராஃப்ட் எதையெல்லாம் அந்நியம் என்று அஞ்சினாரோ அதுவே இங்கே கதையின் கண். லவ்கிராஃப்ட் கற்பனைப் பெயரிட்ட ஊர்களை மூர் மறுபடி நிஜ வரைபடத்தில் கொண்டுபோய் வைக்கிறார். இன்ஸ்மவுத்தின் இடத்தில் அமெரிக்காவின் சேலம், டன்விச்சின் இடத்தில் ஆத்தல். அந்தச் சேலத்தின் மீன்முக மக்கள், துன்புறுத்தப்பட்டு ஒதுங்கி வாழும் ஒரு சிறுபான்மையாகத் தெரிகிறார்கள். தொடரின் நடுவில் இளைஞரான லவ்கிராஃப்டே வருகிறார். 1919-இல் பாஸ்டனில் எழுத்தாளர் டன்சனி பிரபுவின் உரையைக் கேட்க அவர் உண்மையில் போயிருந்தார். மூர் அங்கே பிளாக்கையும் உட்கார வைத்துவிடுகிறார். மூர் அவரைக் கொடியவராக வரையவில்லை. மரியாதையும் கூச்சமும் மிகுந்த, தன் மூலம் உலகத்துக்குள் நுழைவது என்னவென்றே அறியாத ஒரு மனிதர் அவர்.

பர்ரோஸின் ஓவியம் பிரெச்சியாவும் தனாபேயும் போகாத மூன்றாவது வழியில் போகிறது. பெரும்பாலான பக்கங்களில் அகலமான நான்கு கட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. நிழல் விளையாட்டு இல்லை, கறை இல்லை. பகல் வெளிச்சத்தில் சுத்தமான கோடுகள். வாசகனுக்கு எல்லாம் தெரிகிறது, பிளாக்குக்கு மட்டும் தெரியவில்லை. பெரும்பாலான இதழ்களின் முடிவில் பிளாக்கின் கையெழுத்துக் குறிப்பேடு வரும். நாம் சற்றுமுன் கண்ணால் பார்த்ததை அவன் அங்கே எழுதும்போது, பார்த்ததற்குச் சமாதானம் சொல்லித் தன்னை ஆற்றிக்கொள்கிறான். மனிதர்கள் பொறுக்க முடியாத உண்மையை எப்படி மறுக்கிறார்கள் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய காமிக்ஸை நான் படித்ததில்லை.

அதற்கு முன் 2010-இல் இதே இருவரும் செய்த ‘நியோனோமிகான்’ அப்படியல்ல. லவ்கிராஃப்ட் சொல்லாமல் விட்ட பாலியல் அச்சத்தை வெளிப்படையாக்குகிறேன் என்று ஒரு பெண்ணின் மீதான வன்புணர்ச்சியைப் பக்கம் பக்கமாக நீட்டியது. எதை விமரிசிக்கிறேன் என்று சொன்னதோ அதிலேயே அது சிக்கிக்கொண்டது. காட்டுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டதாலேயே காட்டிவிடுவது இன்றைய காமிக்ஸின் நோய். 1954-இன் தணிக்கைக்காரர்கள் முட்டாள்தனமாகத் தடுத்ததை இன்று தடுக்க யாருமில்லை, ஆகவே ஓவியர் தானே நிதானிக்க வேண்டியிருக்கிறது. பிரெச்சியாவிடம் அந்த நிதானம் இருந்தது. ‘பிராவிடன்ஸ்’ எழுதும்போது மூருக்கும் பெரும்பாலும் அது வாய்த்தது.

இந்தப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் கதுலு பொம்மையிலிருந்து தொடங்க வேண்டாம். பிரெச்சியாவின் ‘டன்விச்சின் திகில்’ எந்த மொழிப் பதிப்பில் கிடைத்தாலும் வாங்குங்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் அந்தப் படங்கள் பேசும். அடுத்து தனாபேயின் அண்டார்டிகா, அதைச் சிறிய திரையில் படிக்காமல் அச்சுப் பிரதியாக, இரு பக்கங்களும் விரிந்து கிடக்க. ‘பிராவிடன்ஸ்’ கடைசியில். அதற்குள் லவ்கிராஃப்டின் மூலக்கதைகளில் ஐந்தாறையாவது படித்திருக்க வேண்டும், ‘ரெட் ஹூக்’ உட்பட. அவருடைய மோசமான கதைகளில் அது ஒன்று. ஆனால் மூர் யாரோடு வாதாடுகிறார் என்பது அதைப் படிக்காமல் புரியாது.